மட்டாஞ்சேரியில் ஒரு முதல் கையெழுத்து

செயலி வழியாக வாடகைக்கு ஓடும் வண்டியில், சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறவருக்குப் பயணக் கட்டணத்தில் குறைந்தது எண்பது விழுக்காடு சேர வேண்டும். இது மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். முப்பத்து மூன்று வருடம் கூட்டுறவுத் துறையில் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் ஒரு சிறு விளக்கம் தருகிறேன். சட்டம் என்றால் மீறினால் தண்டனை உண்டு. விதி என்றால் மீறியவரிடம் விளக்கம் கேட்பார்கள். வழிகாட்டுதல் என்றால் அது வழியைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும். அந்த வழியில் போவதும் போகாததும் அவரவர் சௌகரியம்.

கொச்சிக்கு நான் இதை ஆராயப் போகவில்லை. மட்டாஞ்சேரியில் இருக்கும் என் அக்காவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மகன் வெளிநாட்டில். தினமும் வைட்டிலா பக்கம் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போய்க் காலை மடக்கி நீட்டிப் பழக வேண்டும். ஒரு வாரம் துணைக்கு வா என்று அழைத்தாள். ஓய்வு பெற்றவனிடம் இல்லை என்று சொல்லக் காரணம் ஏதும் இருப்பதில்லை.

முதல் நாள், ரயிலை விட்டு இறங்கியதும் செயலியில் ஒரு கார் பிடித்தேன். ஓட்டுநரின் பெயர் ஜோசி. நாற்பது வயதுக்குள் இருக்கும். தோப்பும்படி பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அப்படியே உறைந்து நின்றன. எங்கள் திருநெல்வேலியில் இப்படி நின்றால் ஒவ்வொருவரும் ஹாரனை அழுத்தித் தன் கருத்தைத் தெரிவிப்பார்கள். இங்கே அமைதியாக இருந்தார்கள். ஜோசி என்னிடம், "எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டார். அவர் பேசியது மலையாளம். இங்கே தமிழில் தருகிறேன்.

என் கைப்பேசியில் நானூற்றுச் சொச்சம் காட்டியது. அவர் தன்னுடையதைத் திருப்பிக் காட்டினார். அதில் இருந்த தொகை முந்நூறைத் தொடவில்லை. ஒரே கார், ஒரே பாலம், ஒரே நெரிசல், இரண்டு கட்டணம். நான் வழிகாட்டுதலைச் சொன்னேன், எண்பது விழுக்காட்டையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்களா?" என்றார். இல்லை, அரசாங்கத்தில் என்றேன். "அப்படியா, அதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓர் அடி முன்னால் நகர்த்தினார்.

இறங்கும்போது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். அடுத்த முறை இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இது எங்கள் சொசைட்டி என்றார். செயலியில் நான் கொடுக்கும் மதிப்பீட்டில் இதைப் பற்றி எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சீட்டில் ஓர் எண்ணும் காரின் படமும் மட்டும் இருந்தன. பதிவு எண் இல்லை. பதிவாகாத சங்கத்தைச் சங்கம் என்று அழைப்பதே பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காவின் வீடு பஜார் தெருவிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. சுக்கும் மிளகும் மூட்டையாக இறங்கும் தெரு என்பதால், வந்த அரை மணி நேரத்துக்குள் நான்கு முறை தும்மினேன். அக்கா இங்கே கல்யாணமாகி வந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அவளுடைய தமிழில் பாதி திருநெல்வேலி, மீதி இந்த ஊர். ராத்திரிக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும். எலும்பு கூடுவதற்கு நம் ஊரில் உளுந்தஞ்சோறு போடுவார்களே என்றேன். "எலும்பு இரும்புல செஞ்சு வச்சாச்சு. அதுக்கு உளுந்தெல்லாம் தெரியாது. நீ திண்ணு" என்றாள்.

மறுநாள் காலை அக்கா தானே அந்தச் சீட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே பழக்கமாம். ஒன்பது மணிக்கு வண்டி வேண்டும் என்றாள். ஒன்பதுக்கு வரவில்லை. ஒன்பதே காலுக்கும் வரவில்லை. சந்து முனைக்குப் போய்ப் பார்த்தேன். படகுத்துறைக்குப் போகும் வழியில், நூறு அடி தூரத்தில், அந்தச் சீட்டில் இருந்த அதே கார் படத்தை ஒட்டிய மூன்று வண்டிகள் நின்றன. மூன்று ஓட்டுநர்களும் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பெயரைச் சொன்னதும், வண்டி வந்துகொண்டிருக்கிறது, பள்ளுருத்தியைத் தாண்டிவிட்டது என்றார்கள். நீங்கள் ஒருவர் வரக் கூடாதா என்று கேட்டேன். மூவரும் என்னை ஏதோ தகாததைக் கேட்டவன் போலப் பார்த்தார்கள். "டேர்ன் இல்லை" என்றார் ஒருவர்.

ஒன்பது நாற்பதுக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் நாசர். ஐம்பது வயது இருக்கும், தாடியில் நரை. அவர் தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து இங்கே சரக்குக் கடைக்கு வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். பதினொரு வருடம் கத்தாரில் ஓட்டியதால் கொஞ்சம் அரபும் உண்டு. அக்காவுக்காகப் பின் இருக்கையில் இரண்டு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார். காலை எப்படி உள்ளே எடுத்து வைக்க வேண்டும் என்பது மருத்துவமனைப் பெண்ணைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வழி முழுக்க நான் டேர்ன் பற்றிக் கேட்டேன். மட்டாஞ்சேரி ஸ்டாண்டின் வழக்கம் அது. தினமும் காலையில் ஒரு பட்டியல். நேற்று முதலில் இருந்தவர் இன்று கடைசி. சவாரி வந்தால் யாருடைய முறையோ அவர்தான் போவார். அவர் பள்ளுருத்தியில் இருந்தாலும் அவர்தான் வர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் எடுத்தால் அது திருட்டு. செயலிக் கம்பெனிகள் பக்கத்து வண்டிக்குச் சவாரி கொடுப்பதால் ஓட்டுநர்கள் பெரிய மால்களின் வாசலில் போய்க் கிடக்க வேண்டியிருக்கிறது. ஸ்டாண்டில் யாருக்கும் அப்படி ஓட வேண்டியதில்லை. முப்பத்தொரு பேர் சேர்ந்து சொசைட்டி அமைக்க முடிவெடுத்தபோது ஒரு மனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் இந்த டேர்ன்தானாம். கமிஷன் கழிவு கிடையாது. ஒவ்வொருவரும் மாதம் ஒரே தொகை கட்டுவார்கள், ஓடிய பணம் ஓடியவருக்கு.

அப்படியானால் பயணி நாற்பது நிமிடம் காத்திருப்பதற்கு யார் பொறுப்பு என்றேன்.

"அது ஒரு கொழப்பம் உண்டு சாரே" என்று நாசர் ஒப்புக்கொண்டார். "பயணிக்குத் தெருவுல நிக்க டேர்ன். எங்களுக்குச் சாப்பிட டேர்ன்."

பின்னாலிருந்து அக்கா, "நாற்பது நிமிஷம் நின்னா கால் ஒண்ணும் ஓடிப் போகாது. நீ உன் ஆபீஸ்ல எத்தனை பேரை எத்தனை வருஷம் நிக்க வச்சே?" என்றாள். உடன்பிறந்தவர்களை வெளியூரில் கட்டிக்கொடுப்பது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் வந்தது நாசர்தான்; காலுக்குப் பழகிய கை என்பதால் அக்காவின் சவாரியை அந்த வாரம் ஸ்டாண்டு அவருக்கே விட்டிருந்தது. அக்கா உள்ளே காலை மடக்கிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில், எதிரே இருந்த கடையில் நாசரும் நானும் சாயா குடித்தோம். பழம்பொரி சூடாக இருந்தது. நம் ஊர் வாழைக்காய் பஜ்ஜியை நினைத்துக் கடித்தால் இனிப்பு திடுக்கிட வைக்கும். நான் கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்தவன் என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். நாசர் காருக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். சங்கத்தைப் பதிவு செய்யக் கொடுத்த விண்ணப்பமும், அது திரும்பி வந்த கடிதமும் அதில் இருந்தன. இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது. காரணம் இரண்டு முறையும் ஒன்றே: அமைப்பாளர் விவரம் முரண்படுகிறது.

பக்கங்களைப் புரட்டினேன். என் பணிக்காலத்தில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் முதன்மை அமைப்பாளர் நாசர். அமைப்புக் கூட்டத் தீர்மானத்தில் முதன்மை அமைப்பாளர் ஜோசி. உறுப்பினர் பட்டியலில் இன்னொருவர். பட்டியலின் வரிசை பக்கத்துக்குப் பக்கம் மாறியது. முதல் பக்கத்தில் ஒன்றாம் எண்ணில் இருந்தவர் அடுத்த படிவத்தில் முப்பத்தொன்றாம் எண்ணில் இருந்தார்.

எந்த நாளில் எந்தத் தாளை எழுதினார்களோ, அந்த நாளின் ஸ்டாண்டு வரிசையிலேயே பெயர்களை எழுதியிருக்கிறார்கள். அன்று யார் முதல் டேர்னோ அவரே அமைப்பாளர்.

இது வேறு எங்கும் நடக்க முடியாத தவறு என்று சொன்னேன். கூட்டுறவின் தத்துவத்தை இவ்வளவு உண்மையாக எடுத்துக்கொண்டு படிவத்தைப் பூர்த்தி செய்தவர்கள் இதுவரை இல்லை, அதனால்தான் படிவம் அதை ஏற்கவில்லை என்றும் சொன்னேன். நாசர் சிரித்தார். ஆனால் உறையை மூடும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகுதான் அவருடைய நிலைமையைச் சொன்னார். முதல் விண்ணப்பத்தில் அவர் பெயர் முதலில் இருந்தது. அதைக் கொடுத்த அடுத்த வாரம் செயலிக் கம்பெனி அவருடைய ஐடியை முடக்கிவிட்டது. காரணம் கேட்டால், சேவைத் தரம் என்று ஒரு பதில் வந்ததாம். அன்றிலிருந்து சொசைட்டியின் சவாரி மட்டும்தான். கார்க் கடன் இருக்கிறது. கத்தாரில் பழைய முதலாளியின் தம்பி வீட்டில் ஓட்டுநர் வேலை தயாராக இருக்கிறது. விசா வந்துவிட்டது. பிப்ரவரி கடைசிக்குள் போய் இறங்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மனைவிக்கு அனுப்ப மனமில்லை. சொசைட்டி பதிவானால் அந்தச் சிகிச்சை மையமே நோயாளிகளை ஏற்றி இறக்க வருட ஒப்பந்தம் தரத் தயார். பதிவு எண் கேட்கிறார்கள். அதுவரை ஒன்றும் நகராது. அப்போது ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி.

நான்காம் நாள் நாசருடன் அந்த அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மறுப்புக் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதம் மட்டும் மறுநாளே வரும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையானவர். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நாற்காலி போட்டார், சாயா வரவழைத்தார், எங்கள் மாநிலத்துச் சட்டப்பிரிவுக்கும் அவர்கள் சட்டப்பிரிவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இருபது நிமிடம் இனிமையாகப் பேசினார். இருவருக்கும் அது நல்ல பொழுது. நாசர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போடவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன். நானும் போட்டதில்லை.

விஷயம் எளிது என்றார் அலுவலர். எல்லாத் தாளிலும் ஒரே வரிசை, ஒரே முதன்மை அமைப்பாளர், ஒரே முகவரி. கடிதம் அவருக்குத்தான் வரும், நேர்விசாரணைக்கு அவர்தான் வர வேண்டும், பதிவாகும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. பதிவுக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். சட்டத்தில் கெடு இருக்கிறது என்றார். இருக்கிறது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்பினால் கெடு புதிதாகத் தொடங்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இருவரும் புன்னகைத்துக் கைகொடுத்தோம்.

திரும்பும் வழியில் நாசரிடம் மறைக்காமல் சொன்னேன். எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதத்துக்கு முன்னால் பதில் வராது, பிப்ரவரிக்குள் நடக்கவே நடக்காது, கத்தார் போவதுதான் உத்தமம், வேறு யாரையாவது முதல் பெயராகப் போடட்டும். இடப்பள்ளி சிக்னலில் பச்சை விழுந்தும் நாசர் ஒரு கணம் நகராமல் இருந்தார். பின்னாலிருந்த பஸ் ஞாபகப்படுத்தியது.

ஐந்தாம் நாள் காலை எனக்கு ஒரு சின்ன அவமானம். தாள்களைப் புதிதாகத் தட்டச்சு செய்து வாங்க எர்ணாகுளம் போவதற்காக, ஒரு மாறுதலுக்குப் படகில் போகலாம் என்று போனேன். வரிசையில் நின்று சீட்டு வாங்கி, முறையாக ஏறி, முறையாக உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் எதிர்த் தீவான வைப்பினில் இறங்கினேன். அது வேறு படகு. பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்ததாம். திரும்ப அதே படகில் வந்தபோது சீட்டுக் கொடுத்தவர் என்னை அடையாளம் கண்டு, "சுற்றிப் பார்த்தீர்களா?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மாலை மூன்று மணி வாக்கில், சவாரி குறையும் நேரத்தில், ஸ்டாண்டில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டத்தில் இருந்தபடி கைப்பேசியில் சேர்ந்துகொண்டார்கள். நான் சுருக்கமாக விளக்கினேன். முதன்மை அமைப்பாளர் என்பது பதவி இல்லை, அதிகாரம் இல்லை, பதிவான அன்றே அது முடிந்துவிடும். அதன் பிறகு தலைவரை வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம், வேண்டுமென்றால் அதிலும் டேர்ன் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெயரைச் சொல்லுங்கள், நாளைக்கே கொடுத்துவிடலாம் என்றேன்.

ஜோசி கார்க் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. பெயர் வராததை நான் பணிவு என்று நினைத்துக்கொண்டேன். சமத்துவத்தில் இவ்வளவு பிடிவாதம் கூடாது என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். நன்றாகத்தான் பேசினேன். முடிந்ததும் நாசர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, எல்லார் முன்னாலும் சொன்னார்.

"சாரே, ஸ்டாண்டுல முன்னாடி நிக்கிறவனுக்கு முதல் சவாரி கிட்டும். அந்தத் தாள்ல முன்னாடி நிக்கிறவனுக்கு உள்ளதும் போகும். என்னைப் பாத்துட்டாங்க. அதுக்குப் பெறகு ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு ஆளு. ஒருத்தன் தலையில எல்லாம் விழ வேண்டாம்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாறியதில் வழக்கம் பாதி, பயம் பாதி. மற்ற முப்பது பேரில் இருபத்தைந்து பேர் இன்னும் செயலிக்கும் ஓட்டுகிறார்கள். அதை விட்டால் கடன் தவணை கட்ட முடியாது. சொசைட்டியில் இப்போதைக்கு வரும் சவாரி போதாது. பதிவானால் போதும், ஆனால் பதிவாவதற்கு ஒருவர் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை அந்த வருமானம் இல்லாமல் இருக்க வேண்டும். பதில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாசரின் ஐடி முடங்கியதற்கு உண்மையான காரணம் விண்ணப்பம்தானா என்பதை நான் நிரூபிக்க முடியாது. எந்தக் கோப்பிலும் அப்படிக் குறிப்பு இருக்காது. ஆனால் அவர்கள் நம்புகிறார்கள், கார்க் கடன் வைத்திருப்பவருக்கு அந்த நம்பிக்கையே போதும்.

ஜோசி துடைப்பதை நிறுத்திவிட்டு, தன் பெயரைப் போடலாம் என்றார். குரல் தாழ்வாக இருந்தது. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை, அது முடிந்த பிறகு என்றால் இன்னும் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. வேறு யாரும் முன்வரவும் இல்லை. அதற்குள் ஒரு சவாரி வந்தது. முறைக்காரர் எழுந்து போனார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது நடந்ததை அக்காவிடம் சொன்னேன். நாசர் கத்தார் போவதுதான் நல்லது, நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவன் போயிட்டா?"

ஜோசி மார்ச் முடிந்து பெயர் கொடுப்பார், அல்லது கொடுக்க மாட்டார் என்றேன்.

"உனக்கு எல்லா விதியும் தெரியும்ல, தம்பி. அவனுக்கு ஒரு விதி சொல்லிக் குடுத்தியா, இங்க இருக்கறதுக்கு?"

அப்படி ஒன்று இல்லை என்றேன். தேடினேன், உண்மையிலேயே இல்லை.

ஆறாம் நாள் சிகிச்சை மையத்தில் அக்கா முதல் முறையாகக் கைப்பிடியை விட்டுவிட்டு நான்கு அடி நடந்தாள். வாசலில் நின்று பார்த்த நாசர் கைதட்டினார். பயிற்சி கொடுத்த பெண் அவரை முறைத்தாள். மதியம் நாங்கள் மூவரும் மட்டாஞ்சேரியில் ஒரு சின்னக் கடையில் பிரியாணி சாப்பிட்டோம். அரிசி குட்டையானது, மசாலா அடக்கம். பாளையங்கோட்டைக்காரர்கள் இதைப் பிரியாணி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் நாசர் தாள்கள் எங்கே என்றார். நான் புதிதாகத் தட்டச்சு செய்து வாங்கியிருந்த தாள்களில் முதன்மை அமைப்பாளர் இடம் மட்டும் காலியாக இருந்தது. கை கழுவி, நன்றாகத் துடைத்து, பேனா கேட்டார்.

விசா, என்றேன்.

"வேண்டான்னு வாய்ஸ் அனுப்பிட்டேன். காலையில சுபுஹ் தொழுகை கழிஞ்சு." பேனாவைத் திறந்தபடியே சொன்னார். "எனக்கு ஐடி போயாச்சு. இனி போகறதுக்கு என்ன இருக்கு? ஜோசிக்குப் போகும். மத்தவங்களுக்குப் போகும்."

மூன்று மாதம் என்று நான் சொன்னது அதிகபட்சம் இல்லை, குறைந்தபட்சம் என்று எச்சரித்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"பதினொரு வருஷம் அடுத்தவன் வீட்டு வாசல்ல வண்டியில இருந்து காத்துக் கெடந்தவன் சாரே நான். காத்துக் கெடக்கறதுல ஒண்ணும் பயம் இல்ல. வண்டி என் பேர்லதான் இருக்கு. எங்க போகணும், எவ்வளவு வாங்கணும்னு சொல்றது மட்டும் வேற எவனோ. அது ஒரு தடவை மாறட்டும்."

பதினேழு இடங்களில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு காற்புள்ளியைக்கூடக் குற்றம் சொல்ல முடியாதபடி அந்த விண்ணப்பத்தைத் தயாரித்திருந்தேன். எந்த இடத்திலெல்லாம் கேள்வி எழுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கெல்லாம் நானே ஒரு காலத்தில் எழுப்பியிருக்கிறேன். கோயில்பட்டிப் பக்கம் சுமைதூக்குவோர் சங்கம் ஒன்றை அப்படி இரண்டு வருடம் நிற்க வைத்ததும் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய அமைப்பாளர் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

வரிசைப் பிரச்சினைக்கும் ஒரு வழி செய்தோம். மற்ற முப்பது பேரையும் மலையாள அகரவரிசையில் போட்டோம். அகரம் யாருக்கும் உறவில்லை என்பதால் ஸ்டாண்டு ஒத்துக்கொண்டது. பயணி நாற்பது நிமிடம் நிற்கும் விஷயத்தையும் நான் விடவில்லை. துணைவிதியில் ஊரை நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு டேர்ன் வைக்கலாம் என்றேன். கைப்பேசியிலேயே அரை மணி நேரம் விவாதித்து, மூன்று பகுதி போதும் என்று திருத்தி ஏற்றார்கள். எழுத்துப் பூர்வமாக நான் கொடுத்த ஆலோசனையைப் பயனாளிகள் படித்துப் பார்த்துத் திருத்தியது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஏழாம் நாள் காலை விண்ணப்பத்தை நாசர் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் கூடப் போகவில்லை. நான் போனால் மறுபடியும் நாற்காலியும் சாயாவும் கிடைக்கும், அவர் மறுபடியும் மூலையில் நிற்பார். ஒப்புகைச் சீட்டில் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். படம் எடுத்து அனுப்பினார். இருந்தது. அன்று பிற்பகல் ரயிலேறினேன். நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது ஜோசி, சொசைட்டி சவாரியாக. ஒரே ஒரு கட்டணம், இருவருக்கும் தெரிந்தது. அவர் டேர்ன் இல்லாமல் வந்திருக்கிறாரா என்று கேட்டேன். முறைக்காரரிடம் கேட்டு மாற்றி வாங்கினாராம், பதிலுக்குத் தன் நாளைய முறையைக் கொடுத்துவிட்டாராம். நான் இறங்கும்போது, மார்ச் முடிந்ததும் அடுத்த தாள் எதுவானாலும் அதில் தன் பெயர்தான் என்றார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அக்கா தொலைபேசியில் சொன்னது. பிப்ரவரி முடிந்தது. கத்தாரில் வேறு ஆள் சேர்ந்துவிட்டான். நாசர் காலையிலும் மாலையிலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார், நடுவில் சொசைட்டி சவாரி. ஏப்ரலில் நேர்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போய்வந்தார். இம்முறை நாற்காலி கிடைத்ததா என்று கேட்கச் சொன்னேன். கிடைத்ததாம். ஏப்ரல் கடைசியில் நான் சொன்ன மூன்று மாதம் கடந்தது. கேள்வி எதுவும் எழுப்பப்படவில்லை, எழுப்ப இடமில்லை, ஆகவே பேசாமல் இருந்தார்கள். இது எனக்குத் தெரியாத உத்தி. என் காலத்துக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். ஜூனில் மழை தொடங்கியபோது நாசர் இரண்டு தவணை தவறிவிட்டதாகவும், ஸ்டாண்டில் முப்பது பேரும் ஆளுக்கு ஒரு டேர்னை அவருக்கு விட்டுக்கொடுத்ததாகவும் அக்கா சொன்னாள். அவர் வேண்டாம் என்று சண்டை போட்டாராம். நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி அனுப்பினேன். நாசர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பஜார் தெருவரை நடக்கத் தொடங்கியிருந்தாள்.

பிறகு பதில் வந்தது. சங்கம் பதிவு செய்யப்பட்டது, பதிவு எண் இன்னது, முதல் பொதுக்குழுவை இத்தனை நாளைக்குள் கூட்ட வேண்டும். மூன்றே வரி. முதன்மை அமைப்பாளரின் பெயருக்கு, அவரே நேரில் வாங்க வேண்டிய தபாலில் அனுப்பியிருந்தார்கள். ஆள் ஊரில் இல்லை என்றால் அப்படியே திரும்பிப் போகும் தபால் அது. தபால்காரர் ஸ்டாண்டுக்கு வந்து, ஜோசி கேட்டும் கொடுக்காமல், நாசர் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்வரை மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார். கடிதத்தில் போட்டிருந்த தேதி ஜூலை எட்டு. நாசர் கையெழுத்துப் போட்டு அதை வாங்கியது ஜூலை இருபத்தொன்பதாம் தேதி.